கீழ்வீட்டு மடியில் வந்த தூக்கம்

என் மகள் கீழ்வீட்டில் தூங்குவாள், என்னிடம் தூங்கமாட்டாள். அவளுக்கு ஒன்றரை வயதிருந்தபோது என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு இது ஒன்றுதான் காரணம்.

ஓசூரில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அக்கா. தெலுங்குக்காரர், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது குழந்தையை அவரிடம்தான் விடுவேன். விடியற்காலைக் குளிர் நடுக்கும். இரவெல்லாம் என் உடம்போடு கிடந்த நைட்டியைக் கழற்றி, அதிலேயே அவளைச் சுற்றிக் கொடுத்துவிட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவேன்.

திரும்பி வந்தால், "பாப்பா மத்தியானம் பூரா நல்லா தூங்குச்சும்மா, தொந்தரவே இல்ல" என்பார். நல்ல சேதிதான். எனக்குச் சுருக்கென்று குத்தும்.

ராத்திரி என்னிடமோ புரளுவாள், சிணுங்குவாள், கண்ணயர்ந்ததும் திடுக்கிட்டு எழுவாள். செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. உள்ளே தூசி ஆகாது, பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. அழுக்கு அரித்துத்தான் குழந்தை புரள்கிறாள் என்று முடிவு கட்டினேன். வந்ததும் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளிப்பேன். தினமும் துவைத்த நைட்டி, துவைத்த விரிப்பு. அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

ஒருநாள் என் கணவர் தூக்கமில்லாத கண்ணோடு உட்கார்ந்துகொண்டு, "ராத்திரியும் கீழயே விட்டுடலாமா? அக்காகிட்டன்னா தூங்குதுல்ல" என்றார்.

"அப்ப நான் எதுக்கு? பெத்துக் குடுக்கவா?" என்று கத்தினேன். அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் கேட்டது கேட்டதுதானே. பகல்தான் போயிற்று, ராத்திரியும் போனால் எனக்கென்று என்ன மிச்சம்?

கீழே தூங்கினாலும் நான் வாங்கியதில் தூங்கட்டும் என்று வீம்புக்கு மெத்துமெத்தென்ற புதுப் போர்வை வாங்கி, மறுநாள் அதில் சுற்றிக் கொடுத்தேன்.

அன்று வந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தாள். அக்கா தலை கலைந்து நின்றார். "இன்னிக்கி பாப்பா கண்ணே மூடலம்மா."

உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. முகத்தை மட்டும் பாவமாக வைத்துக்கொண்டேன்.

"அந்த நைட்டி எங்க? தொவச்சிட்டியா?" என்றார்.

"எந்த நைட்டிக்கா?"

"தெனம் சுத்திக் கொண்டாருவியே, அதான். அத மூஞ்சில வச்சிக்கிட்டாதான் பாப்பா தூங்கும். புதுப் போர்வய தூக்கிக் கடாசிடுச்சு." கொஞ்சம் தயங்கினார். "எனக்கே சில நாளு பொறாமயா இருக்கும்மா. படுக்கறது என் மடியில, மோந்துக்கிட்டு இருக்கறது உன் துணிய."

குழந்தையை வாங்கிக்கொண்டு மாடியேறினேன். காலையில் கழற்றிய நைட்டி கதவில் அப்படியே தொங்கியது. கைகால் மட்டும் கழுவிக்கொண்டு அதையே மாட்டிக்கொண்டேன். மகள் என் தோளில் மூக்கைப் புதைத்தாள். பொழுது சாய்வதற்குள் என் மேலேயே தூங்கிப்போனாள்.

கை மரத்துப்போயும் நான் அசையவில்லை. கீழே அக்கா தனியாகப் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. இன்று ஒருநாள் அவருக்கு வயிறு எரியட்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலை அந்த நைட்டியில் சுற்றித்தான் குழந்தையைக் கொடுத்தேன்.