மோவாயில் ஒரு கை

அந்த மழலைப் பள்ளியில் அவளுக்கு 'சிரிச்ச மூஞ்சி டீச்சர்' என்று பெயர். வைத்தது பிள்ளைகளில்லை, கூட வேலை பார்ப்பவர்கள். அதில் பாதி பாசம், பாதி வயிற்றெரிச்சல். காலையில் வகுப்புக் கதவைத் திறக்கும்போது மாட்டிக்கொள்ளும் சிரிப்பை, கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகிறவரை கழற்ற மாட்டாள். பஸ் ஓட்டுகிற அவள் புருஷன்கூடச் சீண்டுவான். "வீட்டுக்கு வந்த பிறகாவது அந்தச் சிரிப்புக்கு லீவு குடேன்."

சிரிப்பு ஒன்றும் அவள் கூடப் பிறந்ததில்லை. சின்ன வயதில் ஆள் அரவம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும் ரகம் அவள். வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா இழுத்துவந்து நிறுத்தி, மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "வந்தவங்களைப் பாத்துச் சிரி" என்பாள். அம்மாவின் விரல்களில் எப்போதும் துணி சோப்பு வாசம். முதலில் அழுகை வந்தது, போகப் போகச் சிரிப்பு பழகிவிட்டது. அன்றைக்கு அப்படி வளைத்ததால்தான் இன்றைக்கு நாலு பேர் மெச்ச நிற்கிறோம் என்று அவள் மனதார நம்பினாள்.

அதனால் அவள் வகுப்புக்கு ஒரு வாசல் சட்டம் இருந்தது. எந்தப் பிள்ளையும் நேராக உள்ளே ஓடிவிட முடியாது. வாசலில் நின்று, டீச்சர் கண்ணைப் பார்த்து, கை கொடுத்து, "குட் மார்னிங் டீச்சர்" சொல்ல வேண்டும். பிறகுதான் உள்ளே. தூக்கக் கலக்கத்தோடு வருகிற பிள்ளைக்கும் விலக்கு கிடையாது, மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் கிடையாது. "மனுஷங்க முகத்தைப் பாக்கத் தெரியாம என் கிளாஸ்ல இருந்து ஒரு குழந்தையும் வெளிய போனதில்ல" என்று அவள் சொல்லாத ஆளில்லை.

அந்தச் சட்டத்தில் வந்து முட்டிக்கொண்டாள் பட்டன்.

ஐந்து வயதுப் பெண். அப்பா தையல்காரர். அவர் கடையில் மிச்சமான சட்டைப் பட்டன்களை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார், அது இல்லாமல் அவள் எங்கும் போகமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பேச்சு குறைவு. பேசினாலும், மற்றவர் சொன்னதை அதே குரலில் திருப்பிச் சொல்வாள். யார் கண்ணையும் பார்க்கமாட்டாள். வாசலில் டீச்சர் கை நீட்டினால் அந்தக் கையில் கட்டியிருக்கும் வாட்சைப் பார்ப்பாள், டீச்சரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பாள்.

சேர்த்த புதிதில் தையல்காரர் வாசலிலேயே தயங்கி நின்றார். "இவளுக்கு ஒரே ஒரு கூட்டு கிடைச்சாப் போதும் டீச்சர். வேற எதுவும் கத்துக்காட்டியும் பரவால்ல."

"ஒண்ணு என்ன, இந்த கிளாஸே அவளுக்குக் கூட்டுதான். என்கிட்ட விட்டுட்டீங்கல்ல, கவலைய விடுங்க" என்றாள் டீச்சர், அதே சிரிப்போடு.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டு தானாகவே கிடைத்தது. 'வாலு' என்று வகுப்பே கூப்பிடும் ஒரு பெண், ஓரிடத்தில் உட்காராத பிறவி, எப்படியோ பட்டனின் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. பட்டன் தரையில் ஒரு கறுப்புப் பட்டனை வைப்பாள், வாலு அதன் பக்கத்தில் ஒரு வெள்ளையை வைப்பாள். மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளை. வரிசை ஜன்னல் வரைக்கும் போகும். வாலு வேண்டுமென்றே ஒரு சிவப்பை வைத்துவிட்டால் பட்டன் அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரிப்பாள்.

டீச்சருக்கு அது விளையாட்டாகவே படவில்லை. முகம் பார்க்காமல் என்ன கூட்டு? இத்தனைக்கும் போன வருஷம் டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஒரு அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இந்தக் குழந்தைங்களைக் கண்ணைப் பாருன்னு கட்டாயப்படுத்தாதீங்க. பக்கத்துல உக்காந்து அவங்கவங்க பாட்டுக்கு விளையாடுறதும் பழகுறதுதான். அங்கேருந்து மெதுவா வளரட்டும்." ஒருநாள் வந்து பேசிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன, கூடக் கிடந்து மாரடிக்கிறவள் நானல்லவா என்று அவள் அதைக் காற்றில் விட்டுவிட்டாள்.

டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வாலுவை வேறு மேஜைக்கு மாற்றினாள். காலையில் வாசலில் மண்டியிட்டு, பட்டனின் மோவாயை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்தி, தேன் ஒழுகும் குரலில் சொல்வாள்: "எங்க, டீச்சர் கண்ணைப் பாரு. பாத்தாதான் பட்டன்." குழந்தை முகத்தைத் திருப்பும், அவள் விடமாட்டாள். உடம்பை முறுக்கும், அப்போதும் விடமாட்டாள். அடித்தாளா, திட்டினாளா? அதெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டே பிடித்திருந்தாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைப் பார்த்தவர் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை.

ஒருநாள் பட்டன் பார்த்தாள். உள்ளங்கையில் ஒரு பட்டன் விழுந்தது. மறுநாளும் பார்த்தாள். பெரிய டீச்சர் வந்து நின்று பார்த்துவிட்டு, "உன் கைராசியே தனி" என்றார். சிரிச்ச மூஞ்சிக்குத் தலைகால் புரியவில்லை. பட்டன் அந்த நாட்களில் ஒரு தடவைகூடக் களுக்கென்று சிரிக்கவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தன்று அதை எல்லாருக்கும் காட்டவேண்டும் என்ற ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது. சின்ன நாற்காலிகளில் பெரிய உடம்புகளை இடுக்கிக்கொண்டு அம்மாக்களும் அப்பாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து, கடைசியில் நின்றார்.

டீச்சர் பட்டனை நடுவில் நிறுத்தினாள். "எங்க, உன் ஃப்ரெண்டுக்கு குட் மார்னிங் சொல்லு பாக்கலாம்."

பட்டன் நேராக வாலுவிடம் போனாள். வாலு ஆசையாக எழுந்து நின்றாள். பட்டன் அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "எங்க, கண்ணைப் பாரு" என்றாள். அதே குரல், அதே தேன். "பாத்தாதான் பட்டன்." வாலுவுக்கு வலித்தது, முகத்தைத் திருப்பினாள். பட்டன் விடவில்லை. வாலு உடம்பை முறுக்கினாள். பட்டன் இன்னும் இறுக்கினாள், சிரித்தாள். உதட்டில் மட்டும் இருந்த ஒரு சிரிப்பு. வாலு வீல் என்று கத்தினாள். வாலுவின் அம்மா ஓடிவந்து பிரித்தபோது பிள்ளையின் மோவாயில் நகம் பதிந்திருந்தது.

"என்ன குழந்தை இது! இதை எப்படி மத்த புள்ளைங்களோட உக்கார வைக்கிறீங்க?" என்று கத்தினாள் வாலுவின் அம்மா. சுற்றிலும் முணுமுணுப்பு எழுந்தது. பெரிய டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. எல்லார் முன்னாலும் கேட்டார்: "இதை இவ எங்க கத்துக்கிட்டா?"

டீச்சருக்குத் தெரியும். அந்தக் குரல் அவளுடையது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். நாற்காலிகளில் இருந்த அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் புகுந்த அதே பயம். வாயிலிருந்து வந்தது வேறு.

"தெரியலையே மேடம். வீட்ல யாராவது இப்படிப் பண்ணுவாங்களோ என்னவோ."

எல்லாரும் தையல்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எப்போதாவது, தன்னையறியாமல், இப்படிப் பிடித்திருப்போமோ என்று அவர் தனக்குள்ளேயே தேடுவது தெரிந்தது. பிறகு கைகளைக் கூப்பினார். "மன்னிச்சுக்கோங்கம்மா. நான்தான் சரியா வளர்க்கல போல." குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். குழந்தை அவர் தோளுக்கு மேலாக டீச்சரையே, நேராகக் கண்ணைப் பார்த்தபடி போனது. அப்படித்தானே பழக்கியிருந்தாள்.

குழந்தையை வேறு எங்காவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று பள்ளியில் பேச்சு ஓடியது. டீச்சர் எதிலும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. புருஷன் என்னவென்று கேட்டதற்கு, தலைவலி என்று பூசி மெழுகினாள். கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்யப் போனவள், தன் முகத்தில் தானாக வந்து உட்கார்ந்த சிரிப்பைப் பார்த்து விளக்கை அணைத்தாள். சீ, நீயெல்லாம் ஒரு டீச்சர் என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு மாலை தையல் கடைக்குப் போனாள். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு அவசரமாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் மரியாதை அவளைக் குத்தியது.

"நானே வரணும்னு இருந்தேன் டீச்சர்" என்றார். "அவ அம்மாவுக்கும் எனக்கும் யோசிச்சு யோசிச்சு மண்டை வெடிக்குது. நாங்க அப்படிப் புடிச்சதா ஞாபகமே இல்ல. எப்படிப் புடிச்சா தப்பு, எப்படிப் புடிச்சா சரின்னு நீங்க சொல்லுங்க, திருத்திக்கிறோம். அவளை மட்டும் ஸ்கூல்ல இருந்து நிறுத்திடாதீங்க."

அவள் பதில் சொல்வதற்குள் வெட்டு மேஜைக்குக் கீழிருந்து பட்டன் தவழ்ந்து வந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றாள். தன் இரண்டு விரலைத் தன் மோவாய்க்குக் கீழே வைத்து, தானே தன் முகத்தைத் தூக்கி நிமிர்த்தினாள். கண்ணைப் பார்த்தாள். இன்னொரு கையை விரித்து நீட்டினாள். இமைகள் படபடவென்று துடித்தன, தண்ணீர் கட்டியது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"வீட்லயும் இதே மாதிரி கண்ணாடி முன்னாடி நிக்கிறா" என்றார் தையல்காரர். "எதுக்குன்னே புரியல."

டீச்சர் ஸ்டூலில் உட்காரவில்லை. துணித் துண்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள். "நான்தாங்க. நீங்க ஒண்ணுமே பண்ணல. தினமும் வாசல்ல நான்தான் இவளை இப்படிப் புடிச்சேன். தெரிஞ்சே உங்க மேல போட்டேன்."

தையல்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் குழந்தையின் கையை மோவாயிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார். "எனக்குச் சொல்லி என்ன டீச்சர். அன்னைக்கு இருந்தவங்க அத்தனை பேரும் என்னைத்தானே பாத்தாங்க."

மறுபடி பெற்றோரைக் கூட்டச் சொல்லிப் பெரிய டீச்சரிடம் போய் நின்றாள். "வேலைக்கே உலை வச்சுக்கப் போற" என்றார் அவர். வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்றாள். அதே சின்ன நாற்காலிகள், அதே முகங்கள். சிரிக்காமல் அவள் பேசியதை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். வாசலில் தான் செய்ததை எதையும் மென்று விழுங்காமல் சொன்னாள். எல்லார் முன்னாலும் தையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். வாலுவின் அம்மா, "அடக் கடவுளே, அந்த மனுஷனைப் போயி..." என்று சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. வேலை போகவில்லை. ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். பட்டனும் வரலாம் என்றார்கள்.

வாசல் சட்டத்தை அன்றே எடுத்துவிட்டாள். டப்பாவை எடுத்து ஜன்னலோரம் பழைய இடத்தில் வைத்தாள். பட்டன் வந்த காலை, பிள்ளைகள் எல்லாம் இஷ்டம்போல உள்ளே ஓடினார்கள். பட்டன் மட்டும் வாசலில் நின்றாள். விரல் மோவாய்க்குப் போனது, முகத்தைத் தூக்கினாள், கையை நீட்டினாள்.

"வேணாம்டா கண்ணு. நீ உள்ள போ."

போகவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். கற்றுக்கொடுத்ததை எப்படித் திருப்பி வாங்குவது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. தாங்க முடியாமல் அவள் தலை தானாகக் குனிந்தது. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்க எதிரில் கண் இல்லாமல் போனதும் பட்டனின் விரல் மோவாயிலிருந்து நழுவியது. டீச்சரின் புடவை ஓரத்தை உரசிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

ஜன்னலோரம் வாலு உட்கார்ந்திருந்தாள். பட்டன் வருவதைக் கண்டதும் இரண்டு கையாலும் தன் மோவாயைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் அதைப் பார்த்தாள். ஓடிப்போய்ச் சமாதானம் செய்யத் துடித்த கால்களை அடக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

பட்டன் சற்றுத் தள்ளி, வாலுவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கறுப்புப் பட்டனைத் தரையில் வைத்தாள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாலு, மோவாயிலிருந்து கையை எடுக்காமலே, கால் கட்டைவிரலால் ஒரு வெள்ளைப் பட்டனை மெதுவாக அதன் பக்கத்தில் தள்ளினாள்.