துறவிகளும் போட்ட பெட்டிசம்

எங்கள் பங்கின் கோடைத் திருயாத்திரைக்காக, மொன்றியலிலிருந்து பஸ் பிடித்து நாட்டுப்புறத்துத் துறவிமடம் ஒன்றுக்குப் போனோம். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவன் என்று மொழிபெயர்ப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். உள்ளூரப் பெருமைதான்.

வயதான துறவி ஒருவர் தங்கள் சபை தொடங்கிய கதையைச் சொன்னார். பல நூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் ஒரு மடம் வசதியில் கொழுத்துவிட்டதாம். அது பிடிக்காத மடாதிபதி சில துறவிகளோடு வெளியேறி, சதுப்புக் காட்டில் புது மடம் தொடங்கினாராம். அங்கே செபம், கைவேலை, மௌனம் மட்டும்தான்.

எங்கள் பாடகர் குழுத் தலைவர் கையை உயர்த்தினார். போன வருடம் பாதிக் குழுவோடு பக்கத்து நகரமான லவாலுக்குப் பிரிந்துபோய், ஆயர் சொல்லித் திரும்பி வந்தவர் அவர்.

"போனவரை மற்றவை சும்மா விட்டவையோ எண்டு கேளுங்கோ தம்பி."

கேட்டேன். துறவி சிரித்தார். பழைய மடத்தார் பாப்பரசருக்கே எழுதி, வெளியேறிய மடாதிபதியைத் திரும்ப வரவழைத்துவிட்டார்களாம்.

"பெட்டிசம்!" என்று பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் கூவியதில் அந்த மௌன மடம் அதிர்ந்தது. மேலிடத்துக்குப் புகார் எழுதுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்றல்லவா இருந்தோம்!

திரும்பும்போது தலைவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"என்னைப் பற்றிப் போன பெட்டிசத்தை ஆயர் காட்டினவர் தம்பி. எழுதின ஆளின்ர பேர் இல்லை. ஆனா பிரெஞ்சில ஒரு பிழையும் இல்லை."

மொன்றியல் வந்து சேரும்வரை அந்தத் துறவிகளின் மௌன விதியை நானும் கடைப்பிடித்தேன்.