இரண்டு எலும்புக்கு விட்ட இடம்

என் எழுத்துக் கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது மறதியும் கூட. அண்ணையின் மகள் கேட்டிராவிட்டால் பேனாவையே தொட்டிருக்க மாட்டேன்.

அவள் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு ஹைஸ்கூலில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். நான் அவளோடுதான் இருக்கிறேன். போன கிழமை சாப்பாட்டு மேசையில் அலுத்துக்கொண்டாள். உயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்ததைச் சொல்லும் கூர்ப்புப் பாடம் நடத்தினாளாம். ஒரு மாணவி எழும்பி, நடுவில் எத்தனையோ எலும்பு கிடைக்கவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு எப்படி நம்புவது என்று கேட்டாளாம்.

“எங்கடை ஓங்கிலுக்கும் ரெண்டு எலும்பு இல்லை” என்றேன். வாய் தவறி வந்த பேச்சு.

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். “மாமி, உந்தக் கதையை வகுப்பிலை வந்து சொல்லுங்கோ.”

முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நானா? பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் ஆரும் இறங்கும்போது இறங்கி நடந்து வருகிறவள் நான். எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

ஓங்கில் என்றால் டொல்பின். ஊரில் நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் மாமாவின் வலையில் ஒன்று சிக்கிச் செத்துப்போனது. எங்கள் ரீச்சர் கடற்கரைக்கே வந்து அது துடுப்புப் போல அடித்து நீந்துகிற முன்செட்டை ஒன்றைக் கேட்டார். கறிக்காக்கும் என்று நினைத்த மாமா, “அது வெறும் தோல் ரீச்சர், நல்ல இறைச்சியா வெட்டித் தாறன்” என்றார்.

வகுப்பில் ரீச்சர் அதைத் தூக்கிக் காட்டி, “உதுக்குள்ளை ஒரு கை இருக்கு” என்றார்.

“அப்ப ரீச்சர், மோதிரமும் போடுமே?” என்றான் பின்வாங்கில் இருந்த ஒருவன்.

ரீச்சரும் சேர்ந்து சிரித்தார். பிறகு சொன்னார்: “எண்ணேலாத காலத்துக்கு முந்தி இதின்ரை ஆக்கள் தரையிலை நடந்தவை. கால் மெல்ல மெல்லச் செட்டையா மாறிட்டுது. எலும்பு மட்டும் பழசை மறக்கேல்லை. நான் சொன்னா நம்பாதேங்கோ. தோண்டிப் பாப்பம்.”

செட்டையைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மணலில் தாட்டு, மேலே கல் வைத்தோம். தசை அழிய ஒரு பள்ளித் தவணை, மூன்று மாதம், ஆகும். அதுவரை ஒருவரும் தொடக் கூடாது. எங்கள் வீடு வேலிக்கு அடுத்த பக்கம் என்பதால் நாய் வராமல் பார்ப்பது என் பொறுப்பு. வகுப்பில் வாய் திறக்காத எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்.

நாயைவிட என்னைத்தான் காவல் காத்திருக்க வேண்டும். மெய்யாகவே உள்ளே கை இருக்குமா? ஒரு மாதம் பொறுத்தேன். ஒரு சனிக்கிழமை கல்லைப் புரட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறினேன். நாற்றம் தாங்காமல் வீட்டுக்கு ஓடிவிட்டேன். கல் நினைவுக்கு வந்து திரும்பிப் போனபோது நாய் அங்கே கிளறிக்கொண்டு நின்றது. அதைத் துரத்தி, மணலை மூடிக் கல்லை வைத்துவிட்டு வந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

தவணை முடிவில் தோண்டினோம். ரீச்சர் எலும்புகளைக் கழுவி ஒரு கரும்பலகையில் அடுக்கினார். கை! மணிக்கட்டு, உள்ளங்கை, ஐந்து விரல். நீளமான விரலில் மட்டும் ஆறு துண்டு. என் விரலில் மூன்றுதான். ஆனால் அந்த விரலில் பெரிய துண்டுக்குப் பிறகு சடாரென்று சின்னது வந்தது. நடுவில் இரண்டு இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் ஐயா வருகிறார். “மீனுக்குக் கை எண்டு சொல்லி, அதிலையும் ஓட்டை” என்று பெரிய வாத்தியார் முகத்தைச் சுளித்தார். இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்காவிட்டால் ரீச்சரை மாற்றிவிடுவார்கள் என்று பிள்ளைகளுக்குள் கதை.

அன்று பின்னேரம், கடற்கரையில் ஒதுங்கும் வெள்ளை முருகைக்கல் துண்டு இரண்டைக் கிணற்றுக் கட்டில் தேய்த்தேன். ஒரு பக்கத்து எலும்பைவிடச் சின்னன், மற்றப் பக்கத்தைவிடப் பெரிசு. என் விரல் நுனித் தோல் உரிந்தது. விடிய, ஆரும் வர முன்னம் பலகையில் அந்த வெறும் இடத்தில் வைத்துவிட்டேன்.

“கிடைச்சிட்டுதே!” என்றார் பெரிய வாத்தியார்.

ரீச்சர் அவற்றை எடுத்துப் பார்த்தார். என் விரல்களையும் பார்த்தார். பிறகு இரண்டையும் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, வெறும் இடத்தில் வெண்கட்டியால் இரண்டு வட்டம் போட்டார்.

“இருந்திட்டுப் போகட்டும் ரீச்சர். ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே, சேர்.”

இன்ஸ்பெக்டர் வட்டத்தைத்தான் முதலில் தொட்டார். “இதிலை இருந்தது எங்கை?”

“இல்லை ஐயா. நாய் கொண்டுபோயிருக்கும் எண்டு நினைக்கிறன்.”

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, ஏதோ எழுதிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு ரீச்சர் கற்களை என் கையில் வைத்தார். “என்ன அளவு வேணும் எண்டு சரியாப் பிடிச்சிருக்கிறாய், கெட்டிக்காரி. ஆனா உது நினைச்சது, கண்டதில்லை. ரெண்டையும் கலக்கப்படாது.”

கெட்டிக்காரி என்றது என் காதில் ஏறவில்லை. ஏச்சு வாங்கியதாக நினைத்து அழுதுகொண்டு ஓடினேன். கல்லைப் புரட்டியது நான்தான் என்று சொல்லவுமில்லை. அடுத்த தவணை ரீச்சர் மாற்றலாகிப் போனார். ஏன் என்று தெரியாது. அந்த வருடத்தோடு என் படிப்பும் நின்றது. இவ்வளவு தேய்த்துக் கொடுத்தேனே, வைத்திருந்தால் என்ன என்று நெடுங்காலம் மனத்தாங்கல்.

அந்த மாணவிக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். இரண்டு எலும்பு இல்லாவிட்டாலும் அது கைதான், பிள்ளை. எல்லோரும் கண்டோம். இல்லாததை இல்லை என்று வட்டம் போட்டுக் காட்டினபடியால்தான், கிடந்த மற்ற எலும்புகளை நான் இன்றைக்கும் நம்புகிறேன். என்னை நம்பித் தோண்டிப் பார்க்கவிட்ட அந்த மனுசிக்கு ஒரு நன்றி சொல்லவில்லை.

மருமகளே, வகுப்பில் வாசிக்க முன்னம் இதைச் சரிபார்த்துவிடு. ஓங்கிலின் நீள விரலில் எட்டுத் துண்டுதானா என்று பார். ரீச்சரின் பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. முதல் தாளின் மேலே அதற்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். ஊர் ஆட்களிடம் கேட்டுப் பார். கிடைத்தால் எழுது. கிடைக்காவிட்டால் வட்டம் அப்படியே இருக்கட்டும்.