டாக்டர் சர்புதீன் எழுத மறந்த மாத்திரை

கள்ளக்குறிச்சி முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் ஒரே பாட்டுத்தான்: டாக்டர் சர்புதீன் ஒரு அதட்டு அதட்டினால் பாதி மூட்டுவலி ஓடிவிடுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வருஷம் அவரிடம் கம்பவுண்டராக இருந்தவன் நான். அந்த அதட்டல் என்ன செய்தது என்று எனக்கல்லவா தெரியும்!

மூட்டு, வாத நோய்க்கென்றே மெட்ராஸில் தனியாகப் படித்துவிட்டு, கடைவீதியில் தன் அப்பாவின் ஜவுளிக்கடைக்குப் பின்னால் இரண்டு அறையில் உட்கார்ந்தவர். வீங்கிய விரல்களைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பார். தங்கமான மனுஷன். கோபம்தான் மூக்கு நுனியில்.

எண்பத்தேழு செப்டம்பர். கல்வராயன் மலையிலிருந்து செல்லியம்மாளை அவள் புருஷன் பச்சமுத்து கூட்டி வந்தான். முகம் உப்பி, தோல் மெலிந்து, தொட்ட இடமெல்லாம் கன்றியிருந்தது. இரண்டு வருஷமாகச் சந்தையில் விற்ற மூட்டுவலிப் பொடியைத் தின்றிருக்கிறாள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று டாக்டர் பார்த்ததுமே கண்டுபிடித்தார்.

"விஷத்தத் துன்னுக்கினு வந்து நிக்கிறீங்களே! இனிமே ஒரு சிட்டிகை உள்ள போச்சுன்னா இந்தப் பக்கமே வராதீங்க!"

கத்திய வேகத்தில் வலி மாத்திரை மட்டும் எழுதினார். அந்தப் பொடியைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். சீட்டில் அந்த மாத்திரை இல்லை என்பதைப் பார்த்தேன். கோபத்தில் இருக்கிறவரிடம் யார் போய் வாயைக் கொடுப்பது? அடுத்த வாரம் வருவார்களே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு நாளில் இடஒதுக்கீட்டு மறியல் தொடங்கியது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. மறியலின் மூன்றாம் நாள் காலை, ஆள் வராத கிளினிக்கில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார்.

"செழியா, அந்த மலைக்காரம்மாவுக்கு மாத்திர எழுதினனா?"

"இல்லீங்க."

"அன்னிக்கே பாத்தியா?"

"பாத்தங்க."

திட்டவில்லை. ஊசி மருந்தையும் குளுக்கோஸ் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

கச்சிராயபாளையம் வரை, வெட்டுண்டு கிடந்த புளியமரங்களுக்கு மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கிப் போனோம். வழியில் ஈ காக்கா இல்லை. எங்கோ டயர் எரிகிற நாற்றம். அப்புறம் மலையேற்றம்.

பச்சமுத்து வாசலிலேயே நின்றிருந்தான். விடிகாலையில் செல்லியம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

"மூணு நாளா ஒரே வாந்திங்க. அந்தப் பொடியில ஒரு சிட்டிகை குடு, ஒரு சிட்டிகை குடுன்னு அழுதுக்கினே இருந்தா. காலப் புடிச்சா. டாக்டரு சொன்னா சொன்னதுதான்னு நான் தரவே இல்லீங்க. சரிதானுங்களே?"

டாக்டர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ செஞ்சது சரிதாம்பா. நான் சொன்னதுதான் தப்பு."

பச்சமுத்துவுக்கு அது ஏறவில்லை. மலையேறி வந்த அசதியில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தானோ என்னவோ, என் பக்கம் திரும்பினான்.

"இன்னா சார் இப்டி சொல்றாரு? டாக்டரு போயி தப்பா சொல்லுவாரா?"

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.