முத்துமாளிகையின் பல்கனி

பதுர்தீன் மன்னாரில் பிறந்தவர். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, பதினொரு வயதில், உம்மாவோடும் மூத்தவர்களான இரண்டு ராத்தாமாரோடும் ஒரு வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு சாக்குப் பை மட்டும் இருந்தது. அன்று அவர்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தது முத்துமாளிகை தியேட்டர். படம் ஓட்டுவது நின்றுபோன அந்தக் கட்டடத்துக்குள் அறுபது குடும்பங்கள் எட்டு மாதம் கிடந்தன. பல்கனிக்கு நேர் கீழே, உம்மாவின் சேலையால் மறைத்த ஒரு மூலைதான் பதுர்தீனின் வீடு.

அதற்குப் பிறகு முகாம். பிறகு மாம்புரியில் ஒரு கிடுகுக் கொட்டில். பதினாறு வயதில் சாந்து குழைக்கப் போனவர் இருபத்தைந்தில் கொத்தனார்களுக்குத் தலைவராக, மேசன் பாஸ் ஆனார். பளீலாவைக் கல்யாணம் முடித்தார், ஷிம்லா என்று ஒரு மகள் பிறந்தாள். கண்டக்குழியில் வெள்ளைக்காரருக்காக எழும்பிய விடுதிகளில் பாதி அவர் கை பட்டவை. அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு சுவர் நிற்கும் என்று அவர் சொன்னால் ஊரில் யாரும் இரண்டாம் தரம் கேட்பதில்லை.

அதனால்தான் முத்துமாளிகையைத் திருத்த வந்த ஹஸ்மி முதலில் அவர் வீட்டுக்கு வந்தான். தியேட்டரைக் கட்டியவரின் பேரன், கொழும்பில் வளர்ந்தவன்.

"பதுர்தீன் நானா, முகப்பு அப்படியே இருக்கவேணும். அந்தச் சிப்பிப் பூவேலை, வளைவு, ஒண்டும் மாறக்கூடாது. உள்ள மட்டும் எல்லாம் புதுசு. புது மெஷின், ஏசி, சாஞ்சு இருக்கிற கதிரை, சக்கரக் கதிரையில வாறவங்களுக்குச் சாய்வுப் பாதை. செய்வீங்களா?"

"செய்வன்" என்றார் பதுர்தீன். அன்று சோறு சாப்பிடும்போது அவர் தானாகச் சிரித்ததைப் பளீலா கண்டாள்.

வரைபடம் போட்டவள் உடப்பைச் சேர்ந்த எஞ்சினியர் அஜித்தா. பழைய வரைபடத்தின்படி பல்கனி இரண்டு இரும்பு உத்தரங்களில் நின்றது. அவற்றின் மேல் தடித்த சாந்துப் பூச்சு. அஜித்தா இரண்டு இடங்களில் துளை போட்டுப் பார்த்தாள். இரண்டிலும் இரும்பு நல்லபடி இருந்தது. பல்கனிக்குக் கீழே, ஒரு காலத்தில் பெண்கள் பகுதியைப் பிரிக்கத் தரையிலிருந்து உத்தரம்வரை நிறுத்திய பாலை மரப் பலகைத் தட்டி ஒன்று இருந்தது. நுழைவிடத்தை அகலப்படுத்த அதைக் கழற்ற வேண்டும் என்று வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தாள்.

துஆ ஓதி வேலை தொடங்கிய அன்று ஹஸ்மி ஊராரைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தான். எல்லோருக்கும் பல்கனியில் நின்று படம் எடுக்க ஆசை. படியடியில் தயங்கி நின்ற பெண்களைப் பார்த்துப் பதுர்தீன்தான் சொன்னார்: "ஏறுங்க, ஏறுங்க. அந்தக் காலத்துக் கட்டு. பயமே இல்ல."

பளீலா ஏறினாள். ஷிம்லா எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். மொத்தம் நாற்பத்திரண்டு பேர். பதுர்தீன் கீழே நின்று தன் போனில் படம் எடுத்தார்.

மூன்று கிழமை கழிந்து ஒரு புதன்கிழமை காலை, வேலையாட்கள் எட்டுப் பேர் தட்டியைக் கழற்றத் தொடங்கினார்கள். தச்சு வேலைக்காரன் லோறன்ஸ் முதல் இரண்டு பலகைகளையும் கடப்பாரையால் நெம்பி எடுத்தான். மூன்றாவது எளிதில் வரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்ததும் வெடிபோல ஒரு சத்தத்தோடு கழன்று பாய்ந்தது. நான்காவது அசையவே இல்லை.

"பாஸ், ஒருக்கா வந்து பாருங்க. இது ஆணியில நிக்கேல்ல. ஆணி எல்லாத்தையும் புடுங்கிட்டன்."

பதுர்தீன் வந்து பார்த்தார். பலகை நடுவில் வில்லாக வளைந்திருந்தது. வெறும் மறைப்புக்கு நிறுத்திய பலகை எதற்கு வளைய வேண்டும்? ஏணியில் ஏறி, தட்டிக்கு மேலே உத்தரத்தின் பூச்சைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். பூச்சு ஒரு கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இரும்பு இல்லை. கறுப்பும் சிவப்புமாய்த் தகடு தகடாக உரிந்த துருதான் இருந்தது. விரலை வைத்தார். விரல் உள்ளே போனது.

அவர் இறங்கியது யாருக்கும் நினைவில்லை. அவர் குரல் மட்டும் நினைவிருக்கிறது. அவர் கத்தி அவர்கள் கேட்டதே இல்லை.

"வெளிய! எல்லாரும் வெளிய! சாமானை விடுங்க, வெளிய போங்க!"

"பாஸ், தென்னங்குத்தி கொண்டாந்து முட்டுக் கொடுப்பமா?" என்றான் லோறன்ஸ்.

"உள்ள ஆரும் போகப்படாது."

எட்டுப் பேரும் தெருவுக்கு வந்தார்கள். அஜித்தாவுக்கும் ஹஸ்மிக்கும் போன் போயிற்று. ஹஸ்மி முதலில் வந்தான். வந்தவனுக்குச் சினம்.

"நானா, எழுபது வருசமா நிக்கிற கட்டடம். ஒரு பலகைக்காக வேலையை நிப்பாட்டினா எப்படி? நான் ஒருக்கா உள்ள போய்ப் பார்த்திட்டு வாறன்."

பதுர்தீன் வாசலில் குறுக்கே நின்றார். ஹஸ்மி அவர் தோளை விலக்கப் பார்த்தான். அவர் அவன் சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். முதலாளியின் சட்டையைப் பிடித்தபடி அவனை நடுத்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். அஜித்தாவின் வாகனம் அப்போதுதான் தெரு முடக்கில் திரும்பியது.

அந்த நேரம் விழுந்தது.

முதலில் சத்தம் பெரிதாக இல்லை, ஒரு பெருமூச்சுப் போல இருந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பிறகு நிலம் அதிர்ந்தது. வாசல் வழியாக வெள்ளைப் புழுதி வெளியே பாய்ந்து தெருவை மூடியது. எதிரே பாண் கடையில் கண்ணாடி அலுமாரி உடைந்தது. யாரோ கலிமாச் சொன்னார்கள். லோறன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

பதுர்தீன் ஹஸ்மியின் சட்டையை விட்டார். திரும்பி ஆட்களை எண்ணினார். எட்டு. மறுபடி எண்ணினார். எட்டு. புழுதி அடங்கும்வரை எண்ணிக்கொண்டே இருந்தார். அஜித்தா வந்து, "பாஸ், எல்லாரும் இருக்கினம். பாருங்கோ, எல்லாரும் வெளியில" என்று கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினார்.

மதியம் வீட்டுக்கு வந்தவரைக் கண்டு பளீலா பயந்துவிட்டாள். தலை முதல் கால் வரை வெள்ளை.

"என்னங்க? என்ன நடந்த?"

போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். பல்கனிக் கைப்பிடியோடு ஒட்டி நின்று சிரிக்கும் நாற்பத்திரண்டு பேர். நடுவில் பளீலா. பக்கத்தில் ஷிம்லா, குழந்தை.

"இது விழுந்திட்டு" என்றார்.

பளீலாவுக்கு விளங்கச் சற்று நேரம் சென்றது. விளங்கியதும் அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. சோற்றைப் பிசைவார், வாயில் வைக்கமாட்டார். ஷிம்லா குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தால் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுப்பார். பள்ளிவாசலில் ஆட்கள் வந்து கையைப் பிடித்தார்கள். எட்டு உயிரைக் காப்பாற்றினீர்கள் என்றார்கள். அந்தப் பாராட்டு அவருக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. "ஏறுங்க" என்று சொன்ன தன் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் அஜித்தா வீட்டுக்கு வந்தாள். பளீலா கொடுத்த பிளேன்டிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினாள்.

"பாஸ், அகதிகள் போன பிறகு அங்க பதினாலு வருசம் உப்பு மூட்டை அடுக்கியிருக்கினம். பல்கனி முட்ட உப்பு. அந்த ஈரம் நடுப்பகுதியில இறங்கி இரும்பைத் திண்டிருக்கு. ரெண்டு அந்தத்திலயும் நல்ல இரும்பு. நான் துளை போட்டது அந்தங்களில. நடுவில போட்டிருக்கவேணும். பிழை என்னோடது."

"அப்ப நாங்க படுத்திருந்த காலத்தில?"

"அப்ப உறுதியாத்தான் இருந்திருக்கும்."

"அண்டைக்கு, படம் எடுக்கக்க?"

அஜித்தா கோப்பையைக் கீழே வைத்தாள். "அண்டைக்கு அந்தப் பலகைதான் தாங்கியிருக்கு. வேற ஒண்டும் இல்ல."

பதுர்தீன் முற்றத்துக்கு எழுந்து போனார். வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். உம்மா மௌத்தானபோதுகூட அப்படி அழுததில்லை என்று பளீலா பின்னால் சொன்னாள்.

ஹஸ்மி கட்டடத்தை இடித்துவிட்டுக் காணியை விற்கப்போவதாகக் கதை அடிபட்டது. பதுர்தீன் அவனைத் தேடிப் போனார். சட்டையைப் பிடித்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். ஹஸ்மி அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

"நானா, நீங்க பிடிச்சதாலதான் நான் உங்களோட கதைச்சிட்டு இருக்கிறன்."

"அப்ப ஒண்டு சொல்றன். கட்டுவம். ஆனா இந்த முறை மறைஞ்சு கிடக்கிற எல்லாத்தையும் திறந்து பாக்கவேணும். கூரை, சுவர், படி, ஒண்டும் விடாம. ஏலாதெண்டால் இடிச்சிடுங்க."

ஐந்து மாதம் திறந்தார்கள். உப்பு ஏறிய பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தார்கள். படிக்கட்டின் கீழே இன்னும் ஒரு இரும்பு அழுகியிருந்தது. அதைக் கண்ட அன்று பதுர்தீன் அரை நாள் வேலை செய்யவில்லை. கூரை மரங்கள் ஆச்சரியமாய் நல்லபடி இருந்தன. புதிய பல்கனியை அஜித்தா பழைய சுவரில் சாய்க்காமல் தனித் தூண்களில் நிறுத்தினாள். திறப்பு விழாவுக்கு முன்பு, பாரம் தாங்குமா என்று பார்க்க, ஹஸ்மி அதில் மணல் மூட்டைகளை அடுக்கி இரண்டு நாள் வைத்தான். அந்த இரண்டு நாளும் பதுர்தீன் அதன் கீழே ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். யார் சொல்லியும் எழும்பவில்லை.

முத்துமாளிகை இப்போது ஓடுகிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் இடம் கிடைப்பதில்லை. முகப்பின் சிப்பிப் பூக்களின் முன்னால் வெள்ளைக்காரர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். திறப்பன்று பளீலா பல்கனியில் இருந்து படம் பார்த்தாள். நன்றாகச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பதுர்தீனிடம் பிறகு கதையைக் கேட்டபோது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டரை மணித்தியாலமும் கால் பாதங்களைத் தரையில் அழுத்தி வைத்தபடி இருந்திருக்கிறார்.

போன மாதம் எலுவன்குளத்தில் ஒரு கல்யாணம். புதிதாகக் கட்டிய மண்டப முன்றலில் ஆட்கள் நெருக்கமாக நின்றார்கள். தலைக்கு மேலே நீண்டிருந்த கொங்கிரீட் தட்டைப் பதுர்தீன் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராக வெளியே போகச் சொல்லத் தொடங்கினார். மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஏணி கொண்டுவந்து ஏறிப் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் நல்ல கட்டு.

"மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார் பதுர்தீன். மற்ற எல்லோரும் சாப்பிட்டு வெளியே போகும்வரை பார்த்து நின்றுவிட்டு, கடைசிப் பந்தியில் பளீலாவோடு இருந்து சாப்பிட்டார்.