ஓரத்தை வெட்டிய படம்

ஞாயிற்றுக்கிழமை இட்லி வெந்ததோ இல்லையோ, அரங்கநாதன் படம் போட்டாக வேண்டும். கள்ளக்குறிச்சியில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார் கருகிப்போனால் சுற்றுவட்டார விவசாயிகள் அவரிடம்தான் தூக்கி வருவார்கள். ஞாயிறு கடைக்கு விடுமுறை, கேமராவுக்கு வேலை. அந்த வாரம் எடுத்ததில் ஒரு படம், அதன் கீழே கொஞ்சம் எழுத்து. இரண்டையும் செல்போனில் ஊராருக்கு அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

எழுத்து என்றால் சும்மா இல்லை. ஒரு வாரம், கரும்புத் தோகையில் நிற்கும் பனித்துளி ஏன் உருண்டையாகவே இருக்கிறது என்று விளக்குவார். அடுத்த வாரம், புது மின் மீட்டர் எப்படிக் கணக்கெடுக்கிறது என்பார். தேர்தல் சமயத்தில், காற்றே இல்லாத ஒரு மத்தியானம் பார்த்துப் பேருந்து நிலையத்துக் கொடிக்கம்பங்களைப் படம் பிடித்து, 'காற்று இல்லாவிட்டால் எல்லாக் கட்சிக் கொடியும் ஒரே மாதிரிதான் தொங்கும்' என்று எழுதினார். எல்லாக் கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். அடுத்த கட்சிக்காரனைத்தான் சொல்கிறார் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. யாரையும் நோகடிக்காமலும் யாரையும் விட்டுவைக்காமலும் எழுத எல்லோருக்கும் வராது. அவருக்கு வந்தது.

அவருடைய முதல் வாசகி மனைவி ராஜாம்பாள். வாசகி என்பதைவிடச் சுங்கச்சாவடி என்று சொல்லலாம். அவளைத் தாண்டாமல் எதுவும் வெளியே போகாது. எழுதியதை அடுப்படி வாசலில் நின்று படித்துக் காட்டுவார். அவள் புரியவில்லை என்றால் திரும்பிப்போய் மாற்றி எழுதிக்கொண்டு வருவார். "உனக்குப் புரியலன்னா, எனக்கே சரியா புரியலன்னு அர்த்தம்" என்பார். இப்படிச் சொல்லும் புருஷன் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் அக்கம்பக்கத்தில், கேமராவைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் கல்வராயன் மலைக்குப் போனவர், வேங்கைமேடு என்ற ஊருக்கு மேலே ஒரு பாறையில் ஆணும் பெண்ணுமாகச் சிலர் நின்று செல்போன் பேசுவதைப் பார்த்தார். பின்னால் சாயங்கால வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி, காதில் போனை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, சுற்றியிருந்த காட்டையும் கீழே இருந்த பள்ளத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, பாறையையும் ஆட்களையும் மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டார். 'அலை மலை ஏறிவிட்டது' என்று தலைப்பு. ரேடியோ அலைக்குச் சாதி தெரியாது, மேடு பள்ளம் தெரியாது என்று கீழே எழுத்து.

படித்துக் காட்டியபோது ராஜாம்பாள் கேட்டாள்: "இந்த ஜனமெல்லாம் இன்னாத்துக்கு வூட்ல உக்காந்து பேசாம பாறை மேல ஏறி நிக்குது?"

காற்றாட நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அனுப்பிவிட்டார். அன்றைக்கு மட்டும் அவர் திரும்பிப்போய் எழுதவில்லை. அந்த மஞ்சள் வெயில் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

படம் ஊரெல்லாம் சுற்றியது. ராஜாம்பாளின் தம்பி சின்னதுரை ஆளுங்கட்சியில் ஓடியாடி வேலை பார்க்கிறவன். அவன் ஆசையாகக் கேட்டான், இவரும் சந்தோஷமாகக் கொடுத்தார். ஒரே வாரத்தில் அது பெரிய பேனராகக் கடைத்தெருவில் நின்றது. 'சொன்னோம், செய்தோம். மலையிலும் செல்போன்' என்று கொட்டை எழுத்து. தலைவர்கள் தலைக்கு மேலே கும்பிட, கீழே பச்சைச் சேலைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பச்சைச் சேலைக்காரி ஒரு வெள்ளிக்கிழமை, படம் எடுத்தவரின் கடையை விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். பெயர் இருசம்மாள். ராஜாம்பாள் காபி கொடுத்து உட்கார வைத்தாள். சண்டைக்கு வந்தவள் மாதிரித் தெரியவில்லை. வேங்கைமேட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்கு ஒரு செல்போன் டவர் கேட்டு வருடக்கணக்காக நடக்கிறார்களாம். இந்த முறை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனால், அங்கே இருந்த ஒருவர் பேனரைக் காட்டி, உங்கள் ஊரில்தான் நன்றாக எடுக்கிறதே, நீயே சிரித்துச் சிரித்துப் பேசுகிறாயே என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். முந்தின மாதம் அவள் மருமகளுக்கு வலி எடுத்தபோது, மகன் அந்தப் பாறை வரைக்கும் ஓடிப்போய்த்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறான். வண்டி வருவதற்குள், ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது சாமி புண்ணியம். அந்தச் சேதியைத்தான் அவள் பாறையில் நின்று தன் அக்காவுக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படம் அழகாத்தான் இருக்குதுங்க" என்றாள் இருசம்மாள். "எங்க வூடுங்கதான் அதுல இல்லீங்க."

அரங்கநாதன் முகம் செத்துப்போனது. ஊர் பள்ளத்துக்குள் கிடக்கிறது. இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி வழியாகச் சமவெளி டவரின் அலை வந்து அந்தப் பாறையை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது. அலைக்கு மேடு பள்ளம் நன்றாகவே தெரியும். வாராவாரம் ஊருக்கு அறிவியல் சொல்கிறவர், இதை யோசிக்கவில்லை.

தப்பைத் திருத்தி எழுதப் போவதாக மைத்துனனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். முதுகுக்குப் பின்னால் ஒன்றைச் செய்கிற ஆள் இல்லை அவர். சின்னதுரை அன்றைக்கே வந்து நின்றான்.

"நீங்க தப்புன்னு எழுதினா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு தெருவுல நடக்கறது மாமா? எழுதிடுங்க. ஆனா, நான் சீர்த்தட்டு தூக்கிக்கினு மண்டபத்துப் படியேற மாட்டேன்."

தை மாதம் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் இல்லாமல் ஒரு கல்யாணமா? நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பதுகூட இருக்கட்டும். ராஜாம்பாளுக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்ததும் அவன்தான். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு வந்தது. இட்லி ஆறியது. படம் வரவில்லை. இந்த ஒரு வாரம் விட்டுவிடுங்கள், கல்யாணம் முடியட்டும் என்று கெஞ்சிக் கேட்கலாம் என நினைத்து ராஜாம்பாள் உள்ளே போனாள். அவர் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் அதே படம், வெட்டாதது. பாறை மேல்மூலையில் சின்னதாக இருந்தது. கீழே ஆழமான பள்ளம், அதில் இருட்டத் தொடங்கிய கூரைகள். பள்ளத்திலிருந்து பாறைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி போனை மேலே தூக்கிப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள்.

ராஜாம்பாள் குனிந்து பார்த்தாள். கேட்க வந்ததை விட்டுவிட்டுத் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"இவ இன்னும் ஏறிக்கினே இருக்கறாளே."

"ஆமா. இவளத்தான் நான் வெட்டிட்டேன். நீ அன்னிக்கே கேட்ட."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எழுதுங்க. அவன் வரலன்னா சீர்த்தட்ட நானே தூக்கிக்கறேன்."

அவர் முழுப் படத்தையும் போட்டார். 'அலை மலை ஏறவில்லை. மனிதர்கள்தான் ஏறுகிறார்கள். முன்பு நான் எழுதியது தப்பு' என்று ஆரம்பித்து, பள்ளத்துக்குள் ஏன் அலை இறங்குவதில்லை என்று குழந்தைக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். கட்சியைப் பற்றியோ பேனரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. தன் தப்பைத் தன்னோடு நிறுத்திக்கொண்டார். எத்தனை நல்ல படம் எடுத்திருந்தாலும் அவர் செய்ததில் பெரியது இதுதான் என்று ராஜாம்பாள் இன்றைக்கும் சொல்வாள், அவர் காதுபட மட்டும் சொல்லமாட்டாள்.

அந்தப் படம் முந்தையதைவிட வேகமாகச் சுற்றியது. பேனரை யார் இறக்கினார்கள் என்று தெரியவில்லை. வேங்கைமேட்டு மனுவை மறுபடி வாங்கிக்கொண்டார்கள், இடம் பார்த்து அளக்கவும் ஆட்கள் போனார்கள். தை பிறக்கும்வரை டவர் மட்டும் வரவில்லை. சின்னதுரையும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

கல்யாணத்தன்று விடிந்ததும் முதல் பஸ்ஸிலேயே இருசம்மாள் ஒரு பை சாமையோடு வந்து இறங்கினாள். மண்டபத்தில் எல்லோரும் வாசலைப் பார்ப்பதும் ராஜாம்பாளைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. சின்னதுரை பெண்டு பிள்ளைகளோடு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூஞ்சி மட்டும் உர்ரென்று இருந்தது. மாமன் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தான். அரங்கநாதனிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் குடும்பப் படத்துக்கு எல்லோரும் நின்றார்கள். அதை மட்டும் தானே எடுப்பேன் என்று அரங்கநாதன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். சின்னதுரை யாரோ எவரோ மாதிரி வரிசையின் கோடியில் தள்ளி நின்றான். நடுவே வரும்படி அவர் கையைக் காட்டினார். அவன் அசையவில்லை.

"நான் ஓரத்துலயே நிக்கறேன் மாமா" என்றான். "வெட்டிடாதீங்க."

ராஜாம்பாள்தான் முதலில் சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரங்கநாதன் கேமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னால் நகர்ந்தார். பந்திக் கூடத்து வாசல் வரைக்கும் நகர்ந்தார். இன்று அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் பாதிக்கு மேல் காலி நாற்காலிகள்தான். ஒரு ஓரத்தில் சின்னதுரை உர்ரென்று நிற்கிறான். இன்னொரு ஓரத்தில் இருசம்மாள் வெறும் பையை மடித்துக்கொண்டிருக்கிறாள்.