கூடையில் நாலாவது இடம்

தயாநிதிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சூரிச்சுக்குத் தெற்கே, எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அங்கே இருக்கிற ஒவ்வொருவருடைய உடுப்பிலும் பெயர் எழுதிய சின்னத் துணிப்பட்டி ஒன்று தைத்திருக்கும். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டால் உடுப்புகளைத் தோய்த்து மடித்து, அந்தப் பட்டியைப் பிரித்தெடுத்துவிட்டு உறவினரிடம் கொடுக்க வேண்டும். பிரிக்கிற வேலை தயாநிதியுடையது. சின்னக் கத்தரிக்கோலால் நாலு வெட்டு. பெயர் குப்பைக்குள் போய்விடும். கூட வேலை செய்கிற போர்த்துக்கல்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவள் அடுத்த சட்டையை எடுப்பாள்.

அப்படிப்பட்ட மனுஷி சொந்த வீட்டில் மட்டும் நாலு வருடமாக ஆள் எண்ணத் தெரியாதவள் போல் இருந்தாள்.

நாலு வருடத்துக்கு முந்தின கோடையில் மகன் ஆருஷ் கூட்டாளிகளோடு ரொய்ஸ் ஆற்றில் நீந்தப் போனான். வயது பத்தொன்பது. எந்த வாசலிலும் குனிந்துதான் வருவான், அவ்வளவு உயரம். காரில் பின்னால் இருந்தால் கால் நீட்ட இடமில்லாமல் முன் இருக்கையை முழங்காலால் தள்ளிக்கொண்டே வருவான். முன்னால் இருக்கிற அக்கா மதுஜா திட்டிக்கொண்டே வருவாள். இரண்டு நாள் தேடி, ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் அவனை எடுத்தார்கள்.

செத்தவீடு முடிந்து, சாவுப் பதிவுக் காரியமாகக் கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகத்துக்குப் போக வெளிக்கிட்ட அன்றுதான் தயாநிதி வாசலில் நின்று பார்த்தாள். புருஷன், மகள், தான். மூன்று பேர். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போவது நம்மவர்களுக்கு ஆகாது. போகத்தான் வேண்டுமென்றால் காலடியில் கிடக்கிற ஒரு கல்லை எடுத்து, இதுதான் நாலாவது ஆள் என்று பைக்குள் போட்டுக்கொள்வார்கள். காரியம் முடிந்ததும் எறிந்துவிடுவார்கள். தயாநிதி கல்லை எடுத்தாள். எறியத்தான் இல்லை.

அதன் பிறகு மூன்று பேரும் எங்கே போனாலும் ஒரு கல். கோவிலுக்கு ஒரு கல், கல்யாணவீட்டுக்கு ஒரு கல், பல்லுப் பிடுங்கப் போனாலும் ஒரு கல். திரும்பி வந்ததும் அது பால்கனிப் பூச்சட்டிக்குள் போகும். காரில் பின்னால் தன் பக்கத்து இருக்கையில் கல்லோடு கைப்பையை வைப்பாள். பாரம் பட்டதும் பெல்ட் போடச் சொல்லிக் கார் 'டிங் டிங்' என்று அடிக்கும். பைக்குப் பெல்ட் போட்டுவிடுவாள். இரும்பு ஆலையில் வேலை செய்கிற அவள் புருஷன் குணசேகரம் கண்ணாடியில் அதைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். ஒன்றும் சொல்லாமல் இருந்தே அந்த மனுஷன் அவளைக் கெடுத்தார் என்பேன் நான்.

மதுஜா அப்படி வாய் மூடி இருக்கிற ஆள் இல்லை. பிசியோதெரபி படித்து முடித்து, தூரத்து ஊரான நொஷாட்டலில் வேலை கிடைத்து, நவம்பரில் அங்கே குடிபோவதாக இருந்தாள். போவதற்கு முன் மூன்று பேருமாக எகிப்துக்கு ஒரு வாரம் என்று அவளே எல்லாம் ஒழுங்கு செய்தாள். லுக்சோரில் பலூனில் ஏறிச் சூரிய உதயம் பார்ப்பதும் அதில் அடக்கம். சூரிச் விமான நிலையத்தில் சோதனை மேசையில் ஒரு அதிகாரி தயாநிதியின் கைப்பையைத் திறந்து முட்டையளவு கல் ஒன்றை எடுத்துக் காட்டி, இது என்ன என்று கேட்டார். பின்னால் வரிசை நீண்டது. மதுஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கல்லை வாங்கிக் குப்பைவாளிக்குள் போட்டாள்.

"அம்மா, தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்க விடமாட்டீங்கள். கல்லை மட்டும் காவித் திரியிறீங்கள். நான் உயிரோட உங்களுக்கு முன்னால நிக்கிறன், தெரியுதோ?"

"தெரியுது பிள்ளை."

"அப்ப சொல்லுங்கோ. நாங்கள் எத்தினை பேர்?"

தயாநிதி குப்பைவாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு கல்லு எடுத்தீங்களெண்டா, நான் நொஷாட்டலுக்குப் போனாப் போனதுதான். வீட்டுப் பக்கம் வரமாட்டன்." சொல்லும்போது மகளின் உதடு துடித்தது. வெறும் மிரட்டல் இல்லை என்று தாய்க்கு விளங்கியது. இருக்கிற ஒன்றும் போய்விடும் என்று பயந்தாள். இனி எடுக்கமாட்டேன் என்று தலையாட்டினாள்.

தலையாட்டியது லுக்சோர் வரைக்கும்தான் நின்றது.

விடிவதற்கு முன் ஆற்றுக்கு அக்கரையில், மலையடிவாரத்து வெளியில் அவர்களை வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நல்ல குளிர். பெரிய பெரிய பலூன்கள் தரையில் சரிந்து கிடந்தன. நெருப்பை ஊதும்போது ஒவ்வொன்றும் உள்ளுக்குள் வெளிச்சமாகி, பிறகு இருண்டது. அந்த வெளிச்சத்தில் மலை தெரிந்தது. மலை முழுக்கப் பொந்து. பொந்தெல்லாம் கல்லறை என்று வழிகாட்டி சொன்னான். ராஜாக்களுடையது மட்டுமில்லை, கல் வெட்டினவன், சுவர் பூசினவன், அவன் பெண்சாதி பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்தான். பெயர் தெரிந்தது சொற்பம் என்றான்.

தயாநிதி கூடையைப் பார்த்தாள். மேலே ஏறப்போகிறோம், மூன்று பேராக. சப்பாத்து நாடாவைக் கட்டுவது போலக் குனிந்தாள். கையில் பட்ட முதல் கல்லை எடுத்து ஜக்கெட் பைக்குள் போட்டாள். மணல் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடக்க, அந்தக் கல் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரமும் கைக்குள் வைத்திருந்து இப்போதுதான் கீழே விட்டது போன்ற சூடு.

கூடை உள்ளே தடுப்புப் போட்டு அறை அறையாக இருந்தது. ஓர் அறைக்கு நாலு பேர். மஹ்மூத் என்ற பைலட் ஆட்களை எண்ணி எண்ணி ஏற்றினார். கடைசி அறையில் இவர்கள் மூன்று பேரும் ஏறியதும் விரலை நீட்டி எண்ணி, "நாலு, சரி" என்றார் ஆங்கிலத்தில்.

"மூன்று" என்றாள் மதுஜா.

மஹ்மூத் தயாநிதிக்குப் பக்கத்து மூலையைப் பார்த்தார். பிறகு மதுஜாவைப் பார்த்து, "மூன்று" என்றார். ஆனால் வெளியே நின்ற ஒரு தனிப் பயணியை அந்த மூலையில் ஏற்றாமல், ஏற்கெனவே நாலு பேர் நின்ற அறைக்குள் நெருக்கித் தள்ளினார். தயாநிதி பைக்குள் கையை விட்டுக் கல்லைப் பொத்திக்கொண்டாள்.

பலூன் கிளம்பியதே தெரியவில்லை. தரைதான் இறங்கிப் போனது. நெருப்பு ஊதாத நேரங்களில் காது அடைத்துப்போனது போல ஒரு அமைதி. கீழே கரும்புத் தோட்டங்கள், மண்வீடுகள், நாற்காலியில் இருக்கிற இரண்டு பெரிய கல் மனிதர்கள். முகம் சிதைந்துபோய், ஆனாலும் கிழக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குணசேகரம் ஏணியில் ஏறினாலே தலை சுற்றுகிற ஆள். கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, கண்ணைத் திறவுங்கோ. சூரியன் வருது."

"நீ பாத்துச் சொல்லு பிள்ளை. எனக்கு அது காணும்."

மதுஜா சிரித்தாள். மகள் சிரித்துத் தயாநிதி பார்த்து எவ்வளவு காலம்! அந்த நேரம் சூரியன் ஆற்றுக்கு அப்பால் எழும்பியது. பலூன் மலைப் பக்கமாக, ராணி ஒருத்தி கட்டிய பெரிய கோவிலை நோக்கித் தாழ மிதந்தது. கோவிலுக்குப் பின்னால் செங்குத்தான பாறைச் சுவர். அதில் பலூனின் நிழல் விழுந்தது. கூடையின் நிழலும், கூடையில் நிற்பவர்களின் தலைகளும் வெட்டி ஒட்டியது போலத் தெளிவாகத் தெரிந்தன.

தயாநிதி தங்கள் அறையைத் தேடினாள். தொப்பியோடு ஒரு தலை, அது குணசேகரம். போனைத் தூக்கிப் பிடித்த கை, அது மதுஜா. அடுத்தது தான். தனக்கும் கூடையின் விளிம்புக்கும் நடுவில் இன்னொரு தலை.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். மூலை வெறுமையாக இருந்தது. பாறையைப் பார்த்தாள். தலை நின்றது. சரிபார்க்கத் தன் கையை மெல்லத் தூக்கினாள். பாறையில் அவள் கை எழும்பியது. ஒரு கணம் கழித்து, பக்கத்துத் தலைக்கு மேலேயும் ஒரு சின்னக் கை எழும்பியது.

முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பதில் என்ன இருக்கிறது? நாலு வருடமாக அந்த இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருந்த தாய்க்குச் சந்தோஷம்தான் முதலில் வரும். பிறகுதான் அவள் உயரத்தைப் பார்த்தாள். அந்தத் தலை அவள் தோளுக்குக் கீழே நின்றது. ஆருஷ் பன்னிரண்டு வயதிலேயே அவளைத் தாண்டி வளர்ந்துவிட்டான்.

இது அவனில்லை.

பைக்குள் கல் சுட்டது. எடுத்து எறிய முடியாது. கீழே கோவில், ஆட்கள். அப்போது ஜக்கெட்டின் ஓரத்தை எதுவோ பிடித்தது. இழுக்கவில்லை. சனக்கூட்டத்துக்குள் ஒரு குழந்தை தெரிந்தவர் உடுப்பைப் பிடிப்பது போலப் பிடித்தபடியே இருந்தது. பெயர்ப்பட்டி பிரித்த உடுப்புகள் அவள் நினைவுக்கு வந்தன. யாரோ பெற்ற பிள்ளை, பெயர் போய் எத்தனை ஆயிரம் வருடமோ. கல்லை எடுத்து நாலாவது ஆள் என்று இவள் கூப்பிட்டாள், அது வந்துவிட்டது. அந்த இடம் இன்னொருவனுக்கு என்று அதற்கு எப்படித் தெரியும்?

பயத்துக்கு நடுவே இரக்கமும் வந்ததுதான் கொடுமை. உதடு என்னவோ முணுமுணுக்க, கை தானாகக் கீழே போனது. அந்தத் தலையைத் தடவினால் போதும், 'வா' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அது எம்மன்புரூக்கே வரைக்கும் வரும். பால்கனியில் இருக்கும். காரில் பெல்ட் போட்டுக்கொண்டு வரும். எல்லாருக்கும் நாலு பேர் என்று சொல்லலாம்.

"அம்மா, ஆரோட கதைக்கிறீங்கள்?"

மதுஜா போனை இறக்கிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்புப் போய்விட்டிருந்தது. தயாநிதி கையை இழுத்து எடுத்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். இறங்கும் வரைக்கும் விடவில்லை. ஜக்கெட்டைப் பிடித்த பிடியும் விடவில்லை.

கரும்புத் தோட்ட ஓரத்தில் இறங்கினார்கள். பலூனில் பறந்ததற்கு ஒரு சான்றிதழ் தருவது அங்கே வழக்கம். மஹ்மூத் அறை அறையாகக் கொடுத்துக்கொண்டு வந்து, தயாநிதியின் கையில் நாலு தாள்களை வைத்தார். மூன்றில் பெயர் எழுதியிருந்தது. நாலாவதில் பெயருக்கான கோடு வெறுமையாக இருந்தது. ஜக்கெட் ஓரம் ஒருமுறை மெல்ல அசைந்தது.

தயாநிதி நாலாவது தாளை நீட்டினாள். ஜெர்மனும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை.

"நாங்கள் மூண்டு பேர்" என்றாள் தமிழில். "மூண்டு பேர்தான்." மூன்று விரலைக் காட்டினாள்.

மஹ்மூத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு இது முதல்தடவை இல்லைப் போலும்.

தயாநிதி கல்லை எடுத்து மகளிடம் காட்டினாள். "எடுத்திட்டன் பிள்ளை. ஏசுறதெண்டா பிறகு ஏசு. இப்ப இதை எடுத்த இடத்திலயே வைக்கவேணும்." மதுஜா அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள், விரலைச் சட்டென்று எடுத்தாள். ஏசவில்லை. வான் சாரதியிடம் அவளே கெஞ்சி, புறப்பட்ட வெளிக்குத் திரும்பிப் போகவைத்தாள். தயாநிதி கல்லை மணலில் வைத்து, "உன்ர அம்மா வருவா, இதிலயே இரு" என்றாள். வேறென்ன சொல்வது? நிமிர்ந்து நடந்தபோது ஜக்கெட் லேசாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பிய முதல் ஞாயிறே புருஷனும் பெண்சாதியுமாகப் பூச்சட்டிக் கற்களை வாளி வாளியாகக் கொண்டுபோய் ரொய்ஸ் கரையில் கொட்டினார்கள். கதை இத்தோடு முடிந்தது என்றுதான் தயாநிதியும் நினைத்தாள்.

நவம்பரில் மதுஜாவைக் குடியேற்ற நொஷாட்டலுக்கு வெளிக்கிட்டார்கள். குணசேகரம் ஓட்ட, மதுஜா முன்னால். அவருக்குப் பின்னால் தயாநிதி, கைப்பை மடியில். பக்கத்து இருக்கையில் ஒன்றும் இல்லை. குணசேகரம் சாவியைத் திருப்பினார்.

டிங், டிங், டிங்.

பெல்ட் போடாத இருக்கை ஒன்று என்று சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று பேரும் பெல்ட் போட்டிருந்தார்கள்.

மதுஜா முதுகை நிமிர்த்தினாள். முகம் வெளிறியிருந்தது. "அம்மா, நீங்களோ பின்னால இடிச்சனீங்கள்?"

அவளுடைய இருக்கை இன்னொரு தரம் முன்னால் தள்ளப்பட்டது. பின்னால் கால் நீட்ட இடம் போதாமல் முழங்காலால் தள்ளுவது போல.

லுக்சோரில் 'மூண்டு பேர்' என்று சொன்னது முகம் தெரியாத யாருக்கோ. இப்போது யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தயாநிதிக்குத் தெரிந்தது. பெல்ட்டை இழுத்து மாட்ட அவள் கை துடித்தது. மாட்டினால் சத்தம் நின்றுவிடும். அவனும் கூடவே வருவான். முன்னால் மகள் அழாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"மூண்டு பேர்தான் போறம், ராசா" என்றாள் தயாநிதி. "நீ இறங்கு."

டிங், டிங்.

அப்போது, நாலு வருடம் ஒன்றும் சொல்லாத குணசேகரம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். காரைச் சுற்றி வந்து, அந்தப் பக்கத்துப் பின்கதவை அகலத் திறந்தார். தலை மேலே இடித்துவிடாமல் கதவு விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஆள் இறங்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் நின்றார். சத்தம் நின்றது. கதவை மெல்லச் சாத்திவிட்டு, வந்து காரை எடுத்தார்.